லேமினேஷன் போட்ட எக்ஸ்ரே

குழந்தைவேலு வீட்டில் எந்தக் காகிதமும் வெறுமனே கிடக்காது. தீவுவாசி அட்டை, ரேஷன் கார்டு, மகள் கார்த்திகாவின் மார்க் ஷீட், கல்யாணப் பத்திரிகை, எல்லாமே பிளாஸ்டிக்குக்குள் இருக்கும். உசிலம்பட்டியிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்த முதல் மழைக்காலத்தில் அவருடைய பள்ளிச் சான்றிதழ் பெட்டிக்குள்ளேயே பூஞ்சை பிடித்துக் கூழாகிவிட்டது. அன்றிலிருந்து டாலிகஞ்ச் முக்கில் லேமினேஷன் கடை வைத்திருக்கும், எல்லோரும் தாதா என்று கூப்பிடும் வங்காளி அண்ணனிடம் போய்க்கொண்டிருக்கிறார். இங்கே பலரும் அப்படித்தான். இவர் கொஞ்சம் கூடுதல்.

கப்பல் பட்டறையில் வெல்டர். பேச்சு குறைவு. அவருக்கும் சேர்த்து மனைவி ஒச்சம்மா பேசிவிடுவாள்.

அந்த ஒச்சம்மாவுக்கு இருமல் நிற்காமல் போகவே சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் வைஜெயந்தி கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்பினார். திரையில் நெஞ்சு, வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்கியதுபோல் நகர்ந்தது. வலது நுரையீரலில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்து போயிற்று.

"இது என்னன்னு இந்த ஒரு படத்தை வச்சு மட்டும் சொல்ல முடியாது. புதுசா, பழசான்னு தெரிஞ்சா பாதி விடை கிடைச்சிரும். முன்னாடி நெஞ்சு எக்ஸ்ரே எடுத்திருக்கீங்களா?"

எடுத்திருந்தார்கள். மூன்று வருடத்துக்கு முன், நிமோனியா வந்தபோது.

"அதுலயும் இதே அளவுல இருந்தா பெரும்பாலும் பயப்பட ஒண்ணுமில்ல. இல்லேன்னா மெயின்லேண்ட் போய் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பாக்கணும். நாளைக்குக் கொண்டு வாங்க."

படம் பெட்டியில் பத்திரமாக இருந்தது. குழந்தைவேலு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விலா எலும்புகள் தெரிந்தன. புள்ளி இருந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. ஓரத்தில் பூஞ்சை லேசாக ஏறியிருந்தது. வெளியே மழை விடவில்லை.

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், வழக்கம்போல், தாதா கடையில் நின்றார்.

"படா பவுச் லகேகா," என்று தாதா பெரிய உறையைத் தேடி எடுத்துப் படத்தைச் செருகினார். இயந்திரம் அதை மெதுவாக இழுத்துக்கொண்டது. மறுபக்கம் வெளியே வந்தது கறுப்பாக இருந்தது. முழுவதும் வரும்வரை இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"யே க்யா ஹோ கயா," இது என்ன ஆயிற்று என்று தாதா திகைத்தார். காசு வாங்கவில்லை.

வெறுங்கையோடு போகக் கூடாதென்று அதையும் எடுத்துக்கொண்டு போனார். டாக்டர் விளக்குப் பலகையில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

"என்ன, உங்க வெல்டிங் கண்ணாடியக் கொண்டாந்துட்டீகளா?" என்றாள் ஒச்சம்மா.

"நனையக் கூடாதுன்னு..." என்றார்.

டாக்டர் திட்டவில்லை. "இந்த மாதிரி ஃபிலிம்ல படமே சூட்டுலதான் பதியும். மறுபடி சூடு பட்டா மொத்தமும் கறுத்துரும். எடுத்த இடத்துல காப்பி இருக்குமா?"

எடுத்த இடத்தில் இப்போது சேலைக் கடை இருக்கிறது. பழைய ரிப்போர்ட்டில் நிமோனியா என்பதற்கு மேல் எதுவும் இல்லை.

"அப்ப ரெண்டு வழி. இப்பவே சென்னை போய் ஊசி. இல்லேன்னா மூணு மாசம் விட்டு இன்னொரு ஸ்கேன். சின்னதாத்தான் இருக்கு, அதனால காத்திருக்கலாம். வளருதான்னு பாக்கலாம்."

"இருப்போம்," என்றாள் ஒச்சம்மா. அவர் தலையாட்டினார்.

அந்த மூன்று மாதமும் அவர் வேலைக்குப் போனார், வந்தார். சோற்றில் உப்பில்லாத அன்றும் பேசாமல் சாப்பிட்டார். ஒச்சம்மா இருமினால் அவர் கை அப்படியே நிற்கும். பிறகு நகரும். பட்டறையில் கேட்டவர்களிடம் நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

"என்னையும் அந்த தாதாகிட்டக் குடுத்து ரெண்டு பக்கமும் ஒட்டிக் கொண்டாந்துருங்க. பூஞ்சை பிடிக்காம இருப்பேன்," என்றாள் ஒரு நாள். சிரிக்க வேண்டிய இடம் என்று அவருக்குத் தெரிந்தது.

இரண்டாவது ஸ்கேன் முடிந்ததும் டாக்டர் பழையதையும் புதியதையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் சேர்ந்து நகர்ந்து ஒரே இடத்தில் நின்றன. டாக்டர் இரண்டு புள்ளிகளையும் குறுக்காகக் கோடு போட்டு அளந்தார்.

"அப்படியேதான் இருக்கு. வளரல."

"அப்ப மெயின்லேண்ட்?" என்றாள் ஒச்சம்மா.

"இப்ப வேண்டாம். ஆனா இதோட முடிஞ்சுதுன்னு சொல்ல மாட்டேன். ஆறு மாசம் கழிச்சு இன்னொரு படம் பாத்துருவோம்."

குழந்தைவேலு சற்று நேரம் நாற்காலியிலேயே இருந்தார். சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. அடுத்த நோயாளி கதவைத் திறந்ததும் எழுந்தார்.

பஸ்ஸில் ஒச்சம்மா அவர் காதருகே சொன்னாள்: "போன வாரம், ஸ்கேனுக்கு முந்தி, மின்னி பேல கார்த்திகா வீட்டுக்குப் போனேன்ல, என் காதுத் தோட்டக் கழட்டி அவகிட்டக் குடுத்துட்டேங்க. சும்மா போட்டுக்கடின்னுதான் குடுத்தேன். அவளும் ஏன்னு கேக்கல."

அப்போதுதான் அவர் அவள் காதைப் பார்த்தார். துவாரத்தில் ஈர்க்குச்சி இருந்தது.

"திருப்பிக் கேளு."

"கேட்டாக் குடுத்துருவா. எந்த மூஞ்சிய வச்சுக் கேக்குறது?"

அவர் யோசித்தார்.

"ஆறு மாசம் போகட்டும்," என்றார்.

அவள் சரி என்றாள். பஸ் இறக்கத்தில் பிரேக் போட்டுப் போட்டு இறங்கிக்கொண்டிருந்தது.