பன்னிரண்டாவது பெயர்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘கட்டைவிரல்’. இணையப் பக்கங்களை வடிவமைப்பது அவள் வேலை. யார் செய்த பக்கமானாலும் ஒரு பழைய ஃபோனில் திறந்து, கட்டைவிரலால் அடிவரை தள்ளிப் பார்ப்பாள். ஒரு முறை அல்ல, பத்து முறை. "விரல் தேஞ்சு போயிடப் போகுதும்மா" என்று புதிதாக வந்தவர்கள் கிண்டல் செய்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வாயைத் திறக்க எனக்கு என்ன யோக்கியதை?

எட்டு வருடங்களுக்கு முன் ஒரு ரயில் கவிழ்ந்தது. காயம்பட்டவர்கள் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்ற பட்டியலுக்கு அவசர அவசரமாகப் பக்கம் செய்தவள் அவள்தான். திறந்ததும் உதவி எண்ணோடு ஓர் அறிவிப்புப் பெட்டி வரும். அது இருக்கும்வரை பின்னாலிருக்கும் பட்டியல் நகரக் கூடாதென்று நிரலில் ஒரு வரி எழுதிப் பூட்டினாள். பெட்டியை மூடியதும் பூட்டைத் திறக்கும் வரியை எழுத மறந்துவிட்டாள்.

சோதித்துப் பார்த்தவன் நான். என் மேசைத் திரை பெரியது. ஆஸ்பத்திரிக்காரர்கள் ஏற்றிய இருபது பெயரும் ஒரே பார்வையில் தெரிந்தன. தள்ளவே வேண்டியிருக்கவில்லை. "பக்கா" என்றேன்.

ஃபோன்களில் பக்கம் ஒன்பதாவது பெயரோடு நின்றுவிட்டது. அவளுடைய அக்கா பார்த்தது ஃபோனில். பன்னிரண்டாவது பெயர் அக்காவின் வீட்டுக்காரருடையது. அவர் அந்த வண்டியில் போனதே இவளுக்குத் தெரியாது. அக்கா கூப்பிட்டபோதெல்லாம் இவள் ஃபோன் பைக்குள் சத்தமில்லாமல் கிடந்தது.

பெயர் இல்லையென்று அக்கா பிணவறைகளாக ஏறி இறங்கினாள். கடைசியில் சரியான ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் உயிர் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. "வந்துட்டாளான்னு கேட்டுட்டே இருந்தாரும்மா" என்றாராம் நர்ஸ்.

சோதித்தது நான் என்று அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கண்ணை மூடினால் நகராத பட்டியல்தான் வருகிறதாம். எனக்கும் அப்படித்தான், ஒன்பது பெயர்களும் மனப்பாடம்.

போன வாரம் அக்கா புது ஃபோனோடு வந்ததை அவள் அலுவலகச் சாப்பாட்டு மேசையில் என்னிடம் சொன்னாள்.

"அன்னைக்கு எனக்குத் தள்ளத் தெரியலடி," என்றாளாம் அக்கா. "கீழ அவர் பேரு இருந்திருக்கு. என் கையாலதான் அவர விட்டுட்டேன். இப்பவாச்சும் ஒழுங்கா கத்துக்குடு."

பட்டியலைப் பூட்டியது தான்தான் என்று சொல்லிவிடத்தான் இவள் வாயெடுத்தாளாம்.

பிறகு அதைச் சொல்லாமலே பக்கத்தில் உட்கார்ந்து, அக்காவின் கட்டைவிரலைப் பிடித்து, எப்படித் தள்ளுவது என்று சொல்லிக்கொடுத்தாள்.