மிளகு எரியாத கால்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஒரு மாசி மாதம். கொல்லிமலையில், ஆலத்தூர் நாடு என்கிற ஊர்ப்பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டுக் களத்தில் மிளகு மிதித்துக்கொண்டிருந்தோம். பறித்த கொத்துகளைத் தார்ப்பாயில் குவித்து, வெறுங்காலால் மிதித்துத்தான் மணிகளை உதிர்ப்போம். செருப்புப் போட்டு மிதித்தால் மணி நசுங்கிவிடும்.

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சர்க்கரை இருப்பது ஒரே சமயத்தில்தான் தெரிந்தது. ஆனால் வீட்டில் நோயாளி என்றால் அவர் மட்டும்தான்! அவருக்கு அளவாகச் சாமைச் சோறு, நேரத்துக்கு மாத்திரை, சாயங்காலமானால் காலைக் கழுவி, விரலிடுக்கெல்லாம் துடைத்து, அடிப்பாதத்தில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பேன். "ரெண்டு பேரும் தினமும் பாதத்தைப் பாக்கணும்" என்று ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொன்னதை ஒரு நாள் தவறாமல் செய்தேன், அவர் காலுக்கு. என் மாத்திரையைப் பாத்திரமெல்லாம் கழுவிவிட்டு, ஞாபகம் வந்தால் போடுவேன். எனக்கென்ன கேடு, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன் என்ற நினைப்பு வேறு.

எங்களுக்கு ஒத்தாசையாக மிதிக்க வந்த பக்கத்துத் தோட்டத்துப் பெண் திடீரென்று நின்றாள். "அக்கா, பாயில ரத்தமுங்க!"

அவள் தன் காலைத் தூக்கிப் பார்த்தாள். நான் பார்க்கக்கூட இல்லை. "என்னோடது இல்ல கண்ணு. எனக்கு ஒண்ணுமே எரியலயே" என்றேன்.

அவள் விடாமல் குனிந்து என் பாதத்தைத் திருப்பினாள். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு பிளவு. சுற்றிலும் சதை வெளுத்து ஊறிப்போயிருந்தது. அன்றைக்குப் பட்ட காயமே இல்லை.

"ஏனுங்கக்கா, பச்சை மிளகுச் சாறு பட்டும் எரியலீங்களா?"

சர்க்கரை இருந்தால் கால் மரத்துப்போகும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் சொந்தக்காரர் ஒருவருக்கு இப்படித்தான் வலி தெரியாமலே புண் முற்றி, காலை முழங்காலோடு எடுத்தார்கள்.

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் ஓடி வந்தார். ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து, தரையில் உட்கார்ந்து, என் காலைத் தன் மடியில் வைத்துக் கழுவ ஆரம்பித்தார். நான் பதறிப்போனேன். எங்கள் பக்கத்தில் ஆம்பளை பெண்டாட்டி காலைத் தொட்டால் ஊரே வாயில் போட்டு மெல்லும்.

"விடுங்க, பக்கத்துல ஆள் பாக்குது!"

"பாக்கட்டும் புள்ள. என்ற காலை நீ தினமும் தொட்டியே, யாராச்சும் வாயத் தொறந்தாங்களா?" என்றார். குரல் உடைந்துவிட்டது. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அடுத்த பஸ்ஸிலேயே காரவள்ளி வழியாகக் கீழே இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனோம். வளைவுக்கு வளைவு அவர் கை என் முழங்காலை அழுத்திப் பிடித்தபடியே இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் டாக்டர். நல்ல வேளை, புண் மெதுவாக ஆறியது. கால் தப்பியது.

இப்போது சர்க்கரை மாத்திரை வாங்கப் போகும்போது, அங்கே வரிசையில் நிற்கும் பெண்களிடம் "உன் காலைக் காட்டு கண்ணு" என்று கேட்டுவிடுவேன். முக்கால்வாசிப் பேர் வீட்டுக்காரர் காலைப் பற்றித்தான் சொல்ல ஆரம்பிப்பார்கள். "உன்னோடது?" என்று கேட்டால், "எனக்கென்னங்கக்கா, ஒரு வலியும் இல்லீங்க" என்று சிரிப்பார்கள். அந்தப் பதிலைக் கேட்டதும் நான் குனிந்து அவர்கள் பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிடுவேன்.