மூன்றாவது டெஸ்ட் இன்னும் முடியவில்லை

சத்தியமாக நடந்தது இது. நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான்.

நான் கல்லூரியில் புரோகிராமிங் வாத்தியார். ஆனால் பிள்ளைகளுக்கு மார்க் போடுவது ஒரு மென்பொருள். பிறந்த தேதியைக் கொடுத்தால் வயதைச் சொல்லும் புரோகிராம் ஒன்றை எழுதி, பத்து நகல் எடுத்து, நகல்களில் மட்டும் வேண்டுமென்றே தப்புகளை நுழைத்து வைத்திருந்தேன். அந்தத் தப்புகளைப் பிடிக்கும் டெஸ்டுகளை, அதாவது சோதித்துப் பார்க்கும் குட்டிப் புரோகிராம்களை, மாணவர்கள் எழுத வேண்டும். என்னுடைய மூலப் புரோகிராமையே தப்பு என்று சொல்லும் டெஸ்டுக்கு முட்டை. அந்த விதியைப் போட்டதும் நான்தான்.

முதல் வரிசையில் உட்காரும் கண்ணாடிக்காரப் பெண்ணுக்கு முட்டை விழுந்தது.

"சார், உங்க புரோகிராம்தான் தப்பு. ஒரே தடவை ஓட்டிப் பாருங்க. ஃபெயிலானா வீட்ல படிப்பை நிறுத்திடுவாங்க."

"மெஷின் பொய் சொல்லாதும்மா."

அவள் டெஸ்டை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"நீங்க பார்க்கற வரைக்கும் விடமாட்டேன் சார்."

அப்புறம் அவள் வரவில்லை. நாலு மாதம் கழித்து அடுத்த வகுப்புக்கும் அதே வேலையைக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. பட்டப்பகல், 2:10. மார்க் எடுக்க லேபில் தனியாக இருந்தேன். கதவை உள்ளே பூட்டியிருந்தேன்.

2:14. டிங்... புதிதாக ஒரு டெஸ்ட் வந்தது. அவளுடைய ரோல் நம்பர். அனுப்பியது, இதே லேபின் பதினான்காம் கம்ப்யூட்டர்.

திரும்பினேன். அங்கே யாருமில்லை. அதன் ஒயர் பிடுங்கப்பட்டுக் கிடந்தது.

டக்... டக்... டக்... கீபோர்டுச் சத்தம்.

2:16. என் திரையில் முடிவுகள் வந்தன.

டெஸ்ட் 1: சார் என் டெஸ்டைத் திறந்து பார்த்தார். தோல்வி.

டெஸ்ட் 2: சாரின் புரோகிராம் சரி. தோல்வி.

டெஸ்ட் 3: ...

என் கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கினேன். திரை அணையவில்லை.

கழுத்தில் சூடான மூச்சு.

"ஓட்டிப் பாருங்க சார்..."

ஓடினேன்.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போன் செய்தேன். அம்மா எடுத்தார்.

"அவ போய் ஆறு வாரமாச்சு சார். காய்ச்சல்ல கண்ணே திறக்கல. அப்பவும் 'என் டெஸ்ட் சரிதான்மா'ன்னுதான் முனகிட்டு இருந்தா."

"அவ... பிறந்த தேதி?"

"பிப்ரவரி இருபத்தொன்பது, ரெண்டாயிரத்து நாலு."

அதை என் புரோகிராமில் கொடுத்தேன். அப்படி ஒரு தேதியே இல்லை என்றது. அவள் டெஸ்ட் பிடித்த தப்பு அதுதான்.

அவளுக்கு நூற்றுக்கு நூறு போட்டேன். வெட்கம் கெட்ட வேலை. செத்தவளுக்கு மார்க் எதற்கு? மூன்றாவது டெஸ்ட் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. நேற்றுதான் அதன் வரி முழுதாகத் தெரிந்தது.

டெஸ்ட் 3: அடுத்த பிப்ரவரி 29 அன்று சார் உயிரோடு இருப்பார்.

முடிவு: அன்றைக்குத் தெரியும்.