பூனைகள் துரத்தும் சீமைக் கார்

போன வாரம் ஒரு வாசகர் கடிதம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு பழைய சீமைக் கார் போனதாம். அதன் பின்னால் நாலு பூனைகள் வரிசையாக ஓடினவாம். ‘இது என்ன சகுனம் என்று உங்கள் பத்தியில் விளக்க முடியுமா?’ என்று கேட்டிருக்கிறார்.

ஐயா, சகுனமும் இல்லை, சாஸ்திரமும் இல்லை. அது எங்கள் அக்கா வீட்டுக் கார். பூனை துரத்துகிற வேகத்தில் ஒரு கார் போகுமா என்று அடுத்த கடிதம் போட்டுவிடாதீர்கள். போகும்.

அக்கா புருஷன், அதாவது என் மாமா, திருவொற்றியூர் குப்பத்தில் படகு வைத்திருக்கிறார். துறைமுகத்துத் துரை ஒருவருக்குத் தினமும் வஞ்சிரம் கொண்டுபோய்க் கொடுத்து வந்தார். துரை மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறியபோது தன் காரைச் சல்லிசாக மாமா தலையில் கட்டிவிட்டுப் போனார். யுத்தத்துக்கு முந்தின வண்டி. தோல் சீட்டு, மடக்குக் கூரை, கல்யாணத் தாம்பாளம் மாதிரி முன்னால் இரண்டு விளக்கு... அடடா!

மாமாவுக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை. பின் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் தகரத்தில் ஒரு தொட்டி. அதில் ஐஸ், மீன். அவ்வளவுதான் அவர் திட்டம்.

காரணம், அக்கா. தினமும் தலையில் மீன் கூடையோடு ராயபுரம் மார்க்கெட்டுக்கு நடக்கிறவள். பஸ்ஸில் ஏறலாமே என்கிறீர்களா? ஏறிப் பாருங்கள். “கூடய எறக்கு, இல்லாங்காட்டி நீயும் எறங்கு” என்பான் கண்டக்டர். நடந்து நடந்து அவள் முழங்கால் பன்னு மாதிரி வீங்கிவிட்டது.

நான் இந்தப் பத்தி எழுதாத நேரத்தில் ராயபுரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்பானர் பிடிப்பவன். எட்டாம் வகுப்பைத் தாண்ட முடியாத மேதை. மேதை சும்மா இருப்பானா?

“மாமா, கைய வெச்சுடாத! ஒரிஜினலா இருந்தாத்தான் கிராக்கி. ஒரு திருகாணிய மாத்துனாலும் காயலாங்கடை வெலதான்.”

“அப்போ உங்க அக்கா காலு?”

“வண்டிய வித்துட்டு ஒரு பழைய வேன் வாங்கு. காலும் ஒரிஜினலா இருக்கும்.”

“இவன் பேச்சக் கேட்டா நடுத்தெருதான்யா” என்றாள் அக்கா, முழங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டே. ஆனால் மாமா மசிந்துவிட்டார்.

விற்றுக் கொடுத்தால் எனக்கு ஒரு கைக்கெடிகாரம் என்று பேச்சு. இதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னை நல்லவன் என்று நினைத்துவிடுவீர்கள்.

ஆளும் பிடித்தேன். ராயபுரத்தில் வெல்ல மண்டி வைத்திருக்கும் தெற்கத்தி அண்ணாச்சி. மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு சீமைக் கார் தேடிக்கொண்டிருந்தார். “துரை ஓட்டுன மாதிரியே இருக்கணும் தம்பி. ஒரு ஆணி மாறியிருந்தாலும் எனக்கு வேண்டாம், பாத்துக்கிடும். வெள்ளிக்கிழமை நல்ல நாளு, வாறேன்.”

வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. கார் நிற்பதோ கடலோரம். உப்புக்காற்று. மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“ஒரு பொட்டு துரு புடிக்கக்கூடாது மாமா. உன் படகு மாதிரி நெனச்சுப் பாத்துக்கோ.”

கவனித்தீர்களா? படகு மாதிரி. இதைச் சொன்ன வாயில் மண்ணைப் போட வேண்டாமா?

வெள்ளிக்கிழமை காலை நானும் அண்ணாச்சியும் ஜட்காவில் போய் இறங்கினோம். அண்ணாச்சி நெற்றியில் விபூதிப் பட்டை, தோளில் சலவைத் துண்டு. இருபது கெஜத்துக்கு முன்னாலேயே துண்டு மூக்குக்குப் போய்விட்டது.

கார் பளபளவென்று நின்றது. கூரையில் காக்கா. பானெட்டில் மூன்று பூனை. அதில் ஒன்று விளக்கை நக்கிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் மாமா, கல்யாண வீட்டு மாமனார் மாதிரி பூரிப்போடு.

“இன்னா மச்சான், எப்டி கீது? நாலு பேரு ரெண்டு நாளா தேச்சோம். சுறா எண்ணெய்! படகுக்கே இவ்ளோ பூசுனதில்ல. மேல, கீழ, உள்ள... சீட்டுக்கு மட்டும் மூணு தபா!”

அண்ணாச்சி துண்டுக்குள்ளிருந்து பேசினார். “என்னவே இது? வெள்ளிக்கிழமையும் அதுவுமா கவிச்சி நாத்தம்! மாப்பிள்ளய இதுல ஏத்துனா, எம்பொண்ணு மூக்கப் பொத்திக்கிட்டுல்லாவே தாலி கட்டிக்கிடணும்?”

ஜட்கா வந்த வேகத்தைவிட வேகமாகத் திரும்பியது. கூடவே என் கைக்கெடிகாரமும்.

மாமா முகம் சுண்டிவிட்டது. “படகு மாதிரின்னு நீதானே சொன்ன மச்சான்...”

அப்போது வாசலில் ஒரு சத்தம். அக்கா. சிரிப்பு! தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்து, அதுவும் போதாமல் குந்திச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “இனிமே இன்னாத்துக்குய்யா யோசிக்கிற? நாறுறது நாறிப்போச்சு. டேய் மேதை, ஸ்பானர எட்றா!”

பின் சீட்டை நானே கழற்றினேன். எண்ணெயில் ஊறிய போல்ட்டுகள் வெண்ணெய் மாதிரி வந்தன. சாயங்காலத்துக்குள் தகரத் தொட்டி உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் மாமா ஓட்டினார்; அக்கா முன் சீட்டில் ஏறினாள். காலை நீட்டிக்கொண்டாள். பஸ் நிறுத்தத்தில் அதே கண்டக்டர் நின்றுகொண்டிருந்தான். காரை நிறுத்தச் சொல்லி, தலையை வெளியே நீட்டினாள்.

“இன்னா நைனா, வரியா? கூடயோட வந்தாலும் ஏத்திக்குவோம்!”

முழங்கால் வீக்கம் இப்போது பாதி வடிந்திருக்கிறது. மீதிப் பாதியும் வடியும்.

நாம் ஏன் இப்படி இருக்கிறோம்? சாமானை வாங்குவது நாம். அதை இனிமேல் வாங்கப்போகிறவனுக்காக, முகம் தெரியாத எவனோ ஒருவனுக்காக, தொடாமல் காவல் காக்கிறோம். உங்கள் கண்ணாடி பீரோவில் ஆறு பீங்கான் கோப்பை இருக்கிறதே, அதில் நீங்கள் என்றைக்காவது டீ குடித்தீர்களா? எனக்கென்ன, கேட்டேன்.

நிற்க. நேற்று அண்ணாச்சியின் டிரைவர் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தான். கையில் காலி டின். அண்ணாச்சி மகள் கல்யாணத்துக்கு வேறொரு கார் வாங்கிவிட்டார். அதற்கு அடிப்பக்கமெல்லாம் துருவாம்.

“உங்க மாமா வண்டி மட்டும் மொழுமொழுன்னு கீதே, அந்த எண்ணெய வாங்கியாரச் சொன்னாரு. அடியில மட்டும் பூசணுமாம். வெள்ளிக்கெயம வேணாமாம்.”

மாமாவிடம் வாங்கி டின்னை நிரப்பிக் கொடுத்தேன். பூனைகளைப் பற்றி மட்டும் நான் மூச்சு விடவில்லை.