கீர்கங்கையில் ஓர் எண்ணெய்க் குளியல்

வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்குத் தில்லி காஷ்மீரி கேட்டில் இமாச்சலப் பிரதேசத்தின் புந்தர் போகும் பேருந்தில் ஏறினோம். ஆளுக்கு 1,350 ரூபாய். ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டர். நாங்கள் என்றால் நானும் என் அண்ணன் மனைவி செல்வி மதினியும். அண்ணனும் மதினியும் கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் இருக்கிறார்கள். நான் கோல் மார்க்கெட் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. இருபது வருடமாகத் தில்லியில் இருந்தும் சிம்லாவைத் தாண்டி இமயமலையை நாங்கள் பார்த்ததில்லை.

மதினிக்குப் புற்றுநோய் வந்து இரண்டு வருடத்துக்கு முன்னால் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறார், மலை ஏறலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் ஆஸ்பத்திரியை விட்டு வந்ததிலிருந்து அந்த உடம்பை அண்ணன்கூடப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்க வந்தால் குளிக்காமலே கிளம்பிவிடுவார். அப்படிப்பட்டவர் ஒருநாள் போன் செய்தார். “ஏட்டி வேணி, மலைக்கு மேல ஒரு வெந்நீர் ஊத்து இருக்காம்ளா. பொம்பளைகளுக்குத் தனி மறைப்பாம். கழுத்து வரைக்கும் ஒரு தடவ முங்கணும் எனக்கு.” யாரோ கைபேசியில் வீடியோ காட்டியிருக்கிறார்கள். முழுக்கை நைட்டி போட்டுக்கொண்டு இறங்குவதாகத் திட்டம். இரண்டு வருடத்தில் அவர் தனக்கென்று கேட்ட ஒரே விஷயம் அதுதான். எனக்கு மூட்டுவலி என்று சொல்ல வாய் வரவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் புந்தர். அங்கிருந்து மணிகரண் வழியாக பர்ஷைனி ஐம்பது கிலோமீட்டர். டாக்ஸிக்கு 2,200 ரூபாய். பள்ளத்தில் பார்வதி ஆறு இரைந்துகொண்டே கூட வந்தது. நாங்கள் போகும் கீர்கங்கையில் கார்த்திக் சுவாமி ஆயிரம் வருடம் தவம் இருந்தார் என்று ஓட்டுநர் பக்தியோடு சொன்னார். நான் தமிழில் சொன்னதும் மதினி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நம்ம திருச்செந்தூர்க்காரரா? அவ்ளோ பெரிய கடல விட்டுட்டு இங்க வந்து என்னத்துக்கு உக்காந்தாராம்?”

“வெந்நீர் கெடைக்கும்னுதான் மதினி.”

பத்து மணிக்கு பர்ஷைனியில் நடக்க ஆரம்பித்தோம். மேலே பன்னிரண்டு கிலோமீட்டர், வண்டிப் பாதை கிடையாது. நக்தான் கிராமம் வரை ஆப்பிள் தோட்டங்கள். அதற்கப்புறம் தேவதாரு மரங்களும் செங்குத்து ஏற்றமும்தான். புற்றுநோய் கண்ட மதினி முன்னால் போய்க்கொண்டிருந்தார். மூட்டுவலியைத் தவிர ஒன்றும் இல்லாத நான் மரத்துக்கு மரம் நின்று மூச்சு வாங்கினேன். ருத்ரநாக் அருவிக்குப் பக்கத்துக் கடையில் மேகி தட்டு எண்பது ரூபாய். கீழே நாற்பது. “தலைச்சுமையால்ல மேல வருது, குடுளா” என்று மதினி அதட்டினார்.

மாலை நாலரைக்கு மேலே போய்ச் சேர்ந்தோம். புல்வெளி, எதிரே பனிமலை, நடுவில் ஆவி பறக்கும் தொட்டி. ஆண்களுடையது திறந்தவெளி. பெண்களுடையதைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கதவு வைத்த மறைப்பு. அதற்குள் தொட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு குழாய், அதிலும் வெந்நீர்தான்.

இங்கேதான் நான் என் புத்தியைக் காட்டினேன். வெந்நீரைக் கண்டால் எண்ணெய் தேய்க்காமல் குளிக்கத் தெரியாத கூட்டம் நாம். கால் லிட்டர் நல்லெண்ணெயும் சீயக்காய்த் தூளும் தில்லியிலிருந்து சுமந்து வந்திருந்தேன். பெண்களுக்கு வெள்ளிதான் முறை, சனி ஆண்களுக்கு. மலைமேல் யார் கேட்கப் போகிறார்கள் என்று மறைப்புக்குள் போனதும் மதினியின் உச்சந்தலையில் தாராளமாக ஊற்றிச் சூடு பறக்கத் தேய்த்தேன். கழுத்து, தோள், நைட்டி எல்லாம் எண்ணெய். மதினி கண்ணை மூடிக்கொண்டு சுகமாக நின்றார்.

“அரே! தேல் நஹி, தேல் நஹி!”

தொட்டியைச் சுத்தம் செய்து பார்த்துக்கொள்ளும் கமலா என்ற பெண் ஓடி வந்தார். சுவாமி இருக்கிற தண்ணீர். எண்ணெய், சோப்பு எதுவும் படக்கூடாது. குழாயடியில் நன்றாகக் கழுவிவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்றார். சரி, கழுவுகிறோம் என்றேன். அவர் நைட்டியைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். இது கழுவினாலும் போகாது. இதோடு இறங்க முடியாது.

உள்ளே ஏழெட்டுப் பெண்கள் சல்வாரை மட்டும் போட்டுக்கொண்டு, இடுப்புக்கு மேல் ஒன்றுமில்லாமல் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களிடம் மாற்றுத்துணி ஆளுக்கு ஒன்றுதான். அதை நனைத்தால் ராத்திரி குளிரில் விறைத்துவிடுவோம். மிச்சம் ஒரே ஒரு ஈரிழைத் துண்டு. இடுப்பைச் சுற்றினால் மேலே பற்றாது.

என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல் இருந்தது. ஐந்நூறு கிலோமீட்டர் வந்து, பன்னிரண்டு கிலோமீட்டர் ஏறி, மதினி கேட்ட ஒரே ஒரு விஷயத்தை நானே என் கையால் கெடுத்துவிட்டேன்.

“இவங்க எல்லாம் போனப்புறம் வருவோம் மதினி.”

“போகமாட்டாங்க. போனாலும் நைட்டி எண்ணெ போயிருமா?” மதினி தொட்டியைப் பார்த்தபடி நின்றார். தண்ணீர் நாலடி தூரத்தில் இருந்தது. “திரும்பிருவோமா?” என்று கேட்டார். நான் எண்ணெய்ப் பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் பக்கம் திரும்பு” என்றார். திரும்பினேன். எண்ணெய்த் துணி தரையில் விழுந்த சத்தம் கேட்டது. “சரி, இந்தப் பக்கம் திரும்பு. முதுகு யாரு தேய்ப்பா?”

இடுப்பில் துண்டைச் சுற்றி, இடது கையை மார்புக்குக் குறுக்கே இறுக்கி வைத்திருந்தார். நான் அழுதுகொண்டே சீயக்காய் தேய்த்தேன். தூள் கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். கமலா அந்தத் தூளை வாங்கி முகர்ந்து பார்த்தார், தானும் ஒரு கை போட்டுத் தேய்த்தார். அப்போது அவர் கண் தழும்பில் நின்றது.

“ஆப்பரேஷன்?”

“ஹான். கேன்சர். காட் தியா” என்றார் மதினி. வெட்டிவிட்டார்கள் என்பதைக் காய்கறிக்காரரிடம் பேசும் அதே உடைந்த இந்தியில்.

கமலா மதினியைக் கைபிடித்து இறக்கி, அங்கே இருந்தவர்களைத் தள்ளி உட்காரச் சொல்லி, ஊற்று நேராக வந்து விழும் மூலையைக் காட்டினார். அங்கேதான் சூடு அதிகமாம். மதினி கழுத்து வரை முங்கினார். இருட்டத் தொடங்கும்வரை எழுந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு விழித்தபோது வாடகைக் கூடாரத்தில் மதினியின் படுக்கை காலி. பதறிக்கொண்டு ஓடினேன். மறைப்புக்குள் அவர் குரல்! ஷாம்பு பாட்டிலோடு வந்த இரண்டு தில்லிப் பெண்களை, இடுப்பளவுத் தண்ணீரில் எழுந்து நின்று அதட்டிக்கொண்டிருந்தார். “சாபுன் நஹி! பஹலே உதர் நஹானா!” சோப்பு கூடாது, முதலில் அங்கே குளி என்று குழாயைக் காட்டி நீண்டிருந்தது இடது கை. அந்தப் பெண்கள் தழும்பைப் பார்த்தார்கள், பிறகு குழாயைப் பார்த்தார்கள்.

“என்னளா முழிக்கே? கதவச் சாத்து, குளிருது” என்றார் என்னிடம்.

எட்டுக்கு இறங்க வேண்டியவர்கள் பதினொன்றரைக்கு இறங்கினோம். பர்ஷைனி வந்து சேர மணி ஐந்து. புந்தரில் ஆறு மணிப் பேருந்தைப் பிடிக்க வழியே இல்லை. மதினி கடையில் டீக்குப் போனார். நான் அண்ணனுக்குப் போன் செய்து, ஒரு நாள் தாமதமாகும் என்றேன்.

“ஏன், என்ன ஆச்சு?” அவன் குரலில் பயம் தெரிந்தது.

“ஒண்ணும் ஆகல. மதினி தண்ணிய விட்டு ஏறவே இல்ல. அங்க உள்ள பொம்பளைகளோட உக்காந்து பேசிக்கிட்டு இருந்தாங்க.”

மலையில் சிக்னல் போய்விட்டதோ என்று கைபேசியைப் பார்த்தேன், இருந்தது.

“எல்லாரோடயுமா?” என்று கேட்டான்.

“எல்லாரோடயும்தான்.”

“ஒன் ஸ்கூல் லீவு நான் பாத்துக்கிடுதேன். இன்னும் ரெண்டு நாள் வேணும்னாலும் இருந்துட்டு வாங்க” என்றான்.