பூம்பாறைக்காரரிடம் பூண்டு மணந்தால்

இரண்டரை வயது மகளுக்கு ஆறு மாதம் என்றால் என்னவென்று எப்படிப் புரியவைப்பது? மனதுக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். எதுவும் எனக்கே நம்பும்படி இல்லை.

கொடைக்கானலில் ஒரு சிறிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் டாக்டராக இருக்கிறேன். மேல்மலைக் கிராமங்களில் பயிருக்கு மருந்து அடிக்கிறவர்கள் மயங்கி விழுந்தால் எங்களிடம்தான் முதலில் வருவார்கள். அதனால் நார்வேயில் ஒரு பல்கலைக்கழகத்தின் விஷமுறிவு சிகிச்சைப் பிரிவு எங்களோடு சேர்ந்து பயிற்சி தொடங்கியது. வாரம் ஒருநாள் வீடியோவில் வகுப்பு. எங்களுக்குப் பிற்பகல், அவர்களுக்குக் காலை. பாடம் நடத்தும் பேராசிரியை காபிக் கோப்பையோடுதான் திரையில் வருவார்.

ஒரு வகுப்பில், பூச்சிமருந்து உடம்பில் ஏறியவரிடம் பூண்டு வாடை வரலாம், அதை வைத்துச் சந்தேகப்படுங்கள் என்று ஒரு ஸ்லைடு வந்தது. எங்கள் நர்ஸ் அக்கா மைக்கை அணைத்துவிட்டு, "அப்படின்னா பூம்பாறை பஸ்ஸை அப்படியே ஐசியூவுக்குள்ள ஓட்டிர வேண்டியதுதான் டாக்டர்" என்றார். அந்த ஊரே பூண்டு போடுகிற ஊர். அறுவடைச் சமயத்தில் கண்டக்டர் தருகிற சில்லறைகூட மணக்கும். நானும் சிரித்தேன். வீட்டுக்கு நடக்கும்போது சிரிப்பு போய்விட்டது. வாடையை நம்பினால் ஊரில் எல்லோரும் நோயாளிதான். நம்பாவிட்டால் யாரைத் தவறவிடுவேன்?

சில வாரங்களில் அந்த ஊரிலிருந்தே ஒருவரை ஜீப்பில் கொண்டுவந்தார்கள். உருளைக்கிழங்குக்கு மருந்து அடித்தவர். நடுங்குகிறார் என்று, நனைந்த சட்டைக்கு மேலேயே ஸ்வெட்டரை மாட்டிவிட்டிருந்தார்கள். இந்த மலையில் யாருக்கு என்ன வந்தாலும் முதல் வைத்தியம் ஸ்வெட்டர்தான். குனிந்தேன். பூண்டு வாடை.

"எப்பவும் இப்படித்தான் மணக்குமா?" என்று அவர் மனைவியிடம் கேட்டேன்.

"பூண்டுக் காட்டுலயே கெடக்குற மனுசன், வேற என்னம்மா மணப்பாரு? மல்லியப்பூவா மணப்பாரு? வெரசா ஊசியப் போடுங்க!"

அவர் கண்ணைத் திறந்து பார்த்தேன். கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்கியிருந்தது. வாயில் எச்சில் வழிந்தது. அத்தனை குளிரிலும் உடம்பெல்லாம் வேர்வை. சட்டையையும் ஸ்வெட்டரையும் கழற்றிவிட்டு உடம்பைக் கழுவச் சொன்னேன்.

"இந்தக் குளிர்ல மனுசனை அவுத்துப்போட்டுக் குளிப்பாட்டுறீங்களே, இது என்ன ஆஸ்பத்திரியா?" என்று அந்த அம்மா கத்தினார்.

"விஷமே சட்டையிலதாங்க இருக்கு. அதுக்கு மேல ஸ்வெட்டரப் போட்டு மூடிக் கொண்டாந்திருக்கீங்க" என்றார் நர்ஸ் அக்கா, கழுவிக்கொண்டே.

விஷத்தை முறிக்கும் அட்ரோபின் ஏற்றினோம். மறுநாள் அவர் டீ கேட்டார்.

அடுத்த வகுப்பில் இதைச் சொன்னபோது பேராசிரியை கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். பூண்டு விளைகிற ஊரில் அந்த அடையாளம் உதவாது என்று தங்கள் பாடத்தில் யாரும் எழுதவில்லை என்றார். ஸ்வெட்டர் விஷயத்தைத் திரும்பவும் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு மின்னஞ்சல் வந்தது. ஆறு மாதம் அங்கே போய்ப் பயிற்சி பெற வேண்டும். மலைக் கிராமங்களுக்கான பாடத்தை அவர்களோடு சேர்ந்து எழுத வேண்டும். திரும்பி வந்து, எந்த ஊர் நர்ஸும் விஷம் பற்றிக் கூப்பிட்டுக் கேட்க ஒரு தொலைபேசி உதவியை இங்கே நடத்த வேண்டும். இப்போது எங்களுக்குச் சந்தேகம் வந்தால் நோயாளியை மலையிறக்கி மதுரைக்கு அனுப்புகிறோம். வளைவுக்கு வளைவு ஆம்புலன்ஸில் என்ன ஆகுமோ என்று இங்கே உட்கார்ந்திருப்போம். மாதக் கடைசிக்குள் நான் பதில் சொல்லாவிட்டால் அந்த இடம் வேறு மருத்துவமனைக்குப் போய்விடும்.

வீட்டில் யாராவது தடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாமியார், "போயிட்டு வாம்மா. உன் புருசனையே வளத்துட்டேன், இவள வளக்க மாட்டேனா?" என்றார்.

"வளத்த லட்சணத்தைப் பாத்துட்டுத்தாம்மா அவ யோசிக்கிறா" என்றார் கணவர்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் முடிவெடுப்பது என் ஒருத்தியின் வேலையாகிவிட்டது.

அந்த நோயாளி வந்த நாளிலிருந்து, விஷம் என்மேல் ஒட்டியிருக்குமோ என்று, வேலை முடிந்து குளிக்காமல் நான் மகளைத் தொடுவதில்லை. கையுறை போட்டுத்தான் வேலை செய்கிறேன், இவ்வளவு தேவையில்லை என்று எனக்கே தெரியும். ஆனாலும் கழுவிய கையைத் திரும்பக் கழுவுகிறேன். அவள் வெளியே நின்று குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பாள். போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா என் தோளில் கை வைக்க வந்தபோது, "அம்மாவத் தொடக் கூடாது, குளிக்கணும்" என்று குறுக்கே வந்து நின்றாள். கெட்டிக்காரி என்றார்கள். பக்கத்தில் இருக்கும்போதே தள்ளி நிற்கப் பழக்கிவிட்டேனா? அப்படியானால் நான் போவது அவளுக்குப் பெரிதாகத் தெரியாதோ? தெரியாமல் போனால், அது நல்லதா?

'வருகிறேன்' என்று தட்டச்சு செய்து அழித்தேன். 'இயலாது' என்று எழுதி அதையும் அழித்தேன்.

சின்னப் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கோ படிப்புக்கோ தூரம் போனவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். தினமும் வீடியோவில் முகம் காட்டியது பிள்ளைக்கு ஆறுதலாக இருந்ததா, ஏக்கத்தைக் கூட்டியதா? திரும்பி வந்த அன்று உங்களிடம் ஓடி வந்ததா? போகாமல் இருந்துவிட்டவர்களும் எழுதுங்கள். பிறகு ஒரு நோயாளி முன்னால், போய்ப் படித்திருக்கலாமே என்று கை தயங்கி நின்றபோது மனதை எப்படித் தேற்றிக்கொண்டீர்கள்? மாதக் கடைசிக்கு முன்னால் எழுதினால் உதவியாக இருக்கும்.