கொழும்பு வரை வந்துவிட்ட அப்பா

ஐஸ் பெட்டிக்குக் கரண்டு நின்றுவிடக் கூடாதென்று வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டர் வாசலில் உறுமிக்கொண்டே இருக்க, அதன் டீசல் புகையும் மாலைகளின் வாடையும் வீடு முழுக்க நிறைந்திருந்தன. பிள்ளைகளே, அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. மஞ்சள்காமாலை முற்றி அம்மா இறந்துபோனாள். அப்பா குவைத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் வந்து முகம் பார்த்த பிறகுதான் எடுப்பது என்று பேச்சு.

மாத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். திருச்சியில் இறங்கும் விமானங்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். பாதி வீடுகளில் ஆள் வெளிநாட்டில். அதனால் எந்த ஊருக்கு எவ்வளவு நேரம் என்பது எல்லோருக்கும் அத்துப்படி. ஆனால் அது பறக்கிற நேரக் கணக்கு மட்டும்தான்.

மறுநாள் காலையில் மாமாவின் செல்போனில் அப்பா பேசினார். "கொழும்புக்கு வந்துட்டேன் மாப்ள" என்பதோடு லைன் அறுந்துபோனது.

"கொழும்பா? ஒரு மணி நேரந்தானே! ஏறுனா எறங்க வேண்டியதுதான்" என்றார் பெரியப்பா. "நீர்மாலைக்குக் கெளம்புங்கப்பா."

"ஆளு வந்து நிக்கட்டுங்க" என்றார் மாமா.

"அவன் என்ன டவுன்பஸ்லயா வாரான், நடுவழியில பஞ்சராகி நிக்க?"

நீர்மாலைத் தண்ணீர் வந்ததும் பெட்டியிலிருந்து எடுத்து, அம்மாவைக் குளிப்பாட்டி, புதுச்சேலை உடுத்தினார்கள். உச்சிப்பொழுதில் மறுபடி போன் வந்தது. மாமா ஸ்பீக்கரில் போட்டார்.

"இங்கேயே உக்கார வச்சிருக்காய்ங்க மாப்ள. திருச்சி பிளைட்டு நாளைக்குத்தானாம். எடுத்துறாதீங்க... எடுத்துறாதீங்க."

குளிப்பாட்டிய உடம்பைத் திரும்பப் பெட்டியில் வைத்தால் அது இன்னொரு உயிரைக் கேட்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நான் பெரியப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு, "திரும்ப வைங்க பெரியப்பா, அப்பா பாக்கணும்" என்று அலறினேன். அவரும் அழுதார், ஆனால் "ஆகாதுடா தங்கம்" என்றுதான் சொன்னார். அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் தாழப் பறந்தது. "அதுலதான் அப்பா இருக்கு, கொஞ்சம் இருங்க" என்று கத்தினேன். பாடை கிளம்பிவிட்டது. கொள்ளி வைத்தது நான்தான்.

மறுநாள் அப்பா வீட்டுக்குக்கூடப் போகாமல், பையோடு நேரே சுடுகாட்டுக்கு வந்தார். சாம்பலில் சூடு ஆறியிருக்கவில்லை. யாரையும் திட்டவில்லை. என் தோளைப் பிடித்து, "ஒங்கம்மாவுக்கு மூஞ்சி எப்புடிடா இருந்துச்சு?" என்று கேட்டார்.

"தூங்குற மாதிரி இருந்துச்சுப்பா."

உண்மையில் முகம் மஞ்சள் பாய்ந்து, வீங்கி, அம்மாதானா என்று நானே பயந்துபோகும்படி இருந்தது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவர் அதையே கேட்டார். நானும் அதையே சொன்னேன். உதடு லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது, நெற்றியில் பொட்டு கலையவில்லை என்று ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டியும் சொன்னேன்.

இப்போது விமானம் கடலுக்கு மேல் எங்கே போகிறதென்று போனிலேயே பார்க்கிறீர்கள். வர முடியாதவருக்கு வீடியோவில் முகம் காட்டுகிறார்கள். அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், கேட்க ஆளில்லை. ஆனாலும், அப்பத்தா எப்படி இருப்பாங்க என்று நீங்கள் கேட்கும்போது, அவருக்குச் சொன்ன அந்த முகம்தான் என் வாயில் வருகிறது. நான் பார்த்த முகம் எங்கே போனதென்று தெரியவில்லை.